யாருடைய கடிகாரத்தில் கற்பது?

கைக்கடிகாரம் பழுதுபார்ப்பதைத் தாமே கற்றுக்கொள்பவர்களிடையே ‘பயிற்சிக் கடிகாரம்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. ஆசிரியர் இல்லாமல், காணொளிகளையும் பழைய கையேடுகளையும் வைத்துக்கொண்டு கழற்றிப் பூட்டப் பழகுகிறவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பார்கள். விலை குறைவாக இருக்க வேண்டும். உள்ளிருக்கும் மெஷின் சிக்கலில்லாததாக இருக்க வேண்டும். கெட்டுப்போனால் தூக்கிப்போட மனம் வர வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துவதாகப் பல ஆண்டுகளாகக் கைகாட்டப்படும் கடிகாரங்களில் ஒன்று நம் எச்எம்டி. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்று எந்தப் பெயரைக் கேட்டாலும் மும்பையிலிருந்து தபாலில் வந்துவிடும்.

ஆக்லாந்தில் என் மேசைக்கும் அப்படித்தான் ஒரு ஜனதா வந்தது. பின்மூடியைத் திருப்பினால் ஒருவருடைய பெயரும், அதன்கீழ் 31-5-1983 என்ற தேதியும் பொறித்திருந்தன. மாதத்தின் கடைசி நாள். ஏதோ ஓர் அலுவலகத்தில் மாலை போட்டு, காராபூந்தியும் காப்பியும் கொடுத்து, நாலு பேர் பேசி, இதைக் கையில் கட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று ஊகிக்கப் பெரிய துப்பறிவு தேவையில்லை. நான் கொடுத்த விலைக்கு இங்கே இரண்டு பேர் மதியச் சாப்பாடு சாப்பிடலாம். அந்த விலை என்னிடம் சொன்னது இதுதான்: தாராளமாகக் கெடு.

அந்த அனுமதியைக் கொடுக்க விலைக்கு உரிமை உண்டா என்பதுதான் என் கேள்வி.

எச்எம்டி 1961-இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரிலிருந்து பேட்டரிக் கடிகாரங்கள் வரத் தொடங்கிய பின் சாவி கொடுக்கும் கடிகாரத்தின் காலம் மெல்ல முடிந்தது. 2016-இல் மத்திய அரசு எச்எம்டி கடிகாரப் பிரிவை மூட முடிவெடுத்தது. இடைப்பட்ட காலத்தில் முதல் சம்பளத்தில் வாங்கியது, மாமனார் போட்டது, பத்தாவதில் நல்ல மதிப்பெண் எடுத்ததற்குக் கிடைத்தது என்று வீட்டுக்கு ஒன்றாவது இருந்தது. இப்போது தொழிற்சாலை இல்லை என்பதால் ஒரு ஜனதாவுக்கு உதிரிப் பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொரு ஜனதாவைத்தான் பிரிக்க வேண்டும். ஒன்று ஓட ஒன்று சாக வேண்டும். மும்பையின் பட்டறைகளில் இதுதான் நடக்கிறது. டயலுக்குப் புதிதாக வண்ணம் பூசி, நாலு கடிகாரத்தின் பாகங்களை ஒன்றாக்கி அனுப்புகிறார்கள். சேகரிப்பாளர்கள் இவற்றை ஏளனமாகப் பேசுவார்கள். எனக்கு அந்த ஏளனத்தில் பங்கில்லை. கடிகாரம் என்றால் ஓட வேண்டும் என்பது அந்தப் பட்டறைகளின் அறம். பூசிய டயலை ‘அசல்’ என்று சொல்லி விற்கும்போதுதான் அது பொய்யாகிறது.

என் பிழைப்பு மென்பொருள். எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவரை யாரும் வாடிக்கையாளரின் உண்மைத் தரவில் கைவைக்க விடமாட்டார்கள். முழு அமைப்புக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், உடைக்கலாம். மறுநாள் காலையில் புது நகல் தயாராக இருக்கும். இருபது வருடம் இப்படியே வேலை செய்தவனுக்கு, கற்றுக்கொள்வது என்பது யாருக்கும் நோகாத காரியம் என்ற நினைப்பு ஊறிவிடுகிறது. உலோகத்துக்கு நகல் கிடையாது. ஜனதாவின் பேலன்ஸ் சக்கரம் நிற்கும் அச்சின் நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாமணம் ஒரு தடவை வழுக்கினால் அந்த நுனி போனது போனதுதான்.

உலோகத்தில் நகல் எடுத்த கதை ஒன்று உண்டு. இந்த நாட்டின் கரையையும் தொடுகிறது. கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க உதவிய ஜான் ஹாரிசனின் நான்காவது கடிகாரம் அபாயத்துக்கு உட்படுத்த முடியாத அளவு அரியதாக இருந்ததால், அதைப் போலவே ஒன்று செய்யும்படி லார்கம் கெண்டல் என்பவரிடம் ஒப்படைத்தார்கள். 1769-இல் முடித்துக் கொடுத்தார். கேப்டன் குக் தன் இரண்டாம் பயணத்தில் அதை எடுத்துக்கொண்டு 1773-இல் நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள டஸ்கி சவுண்டில் வந்து நங்கூரமிட்டார். ஒரே ஒரு நகலுக்குத் தேர்ந்த கைகளின் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. எனக்கு அது ஒரு பொத்தான்.

ஆக, கைத்தொழில் கற்பவர் எப்போதும் ஏதோ ஓர் அசலின் மேல்தான் கற்கிறார். பழைய முறையில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. திருச்சியில் நான் பள்ளிக்குப் போகும் வழியில், ஒரு மாடிப்படிக்கு அடியில் கடிகாரக் கடை இருந்தது. கண்ணாடி பதித்த ஒரு மரப்பெட்டி, அதன் பின்னால் ஒற்றைக் கண்ணில் லென்ஸ் செருகிய பெரியவர், அவ்வளவுதான் கடை. அவரிடம் ஒரு பையன் இருந்தான். வார் மாற்றுவான், கிளாஸ் துடைப்பான், சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி வைப்பான். மெஷினை அவன் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அது பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பையன். அந்த முறையை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெளிவாக இருந்தது. பையன் எதையாவது கெடுத்தால் கடிகாரத்துக்கு உரியவரிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டியவர் பெரியவர். நஷ்டம் அவருடையது, அவப்பெயர் அவருடையது. அதனாலேயே எதை எப்போது பையன் கையில் கொடுப்பது என்பதில் அவருக்குக் கவனம் இருந்தது.

தானே கற்பவரிடம் குறைவது அறிவு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அறிவுக்கு இன்று பஞ்சமில்லை. மெயின் ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் விசையை இறக்காமல் எதையும் கழற்றாதே, எந்த இடத்துக்கு எந்த எண்ணெய், எவ்வளவு துளி, எந்த இடத்தில் எண்ணெயே கூடாது — எல்லாம் நடுராத்திரியில் கூடக் கிடைக்கும். கிடைக்காதது, பக்கத்தில் உட்கார்ந்து “டேய், கீழே வை” என்று சொல்ல ஓர் ஆள். கெட்டுப்போனால் தன் தலையில் ஏற்றுக்கொள்ளவும் ஓர் ஆள்.

தானே கற்றவன் என்றதும் நமக்கு ஏகலைவன் நினைவு வரும். மண்ணால் செய்த துரோணர், காட்டில் தனியே பயிற்சி, பிறகு அந்தக் கட்டைவிரல். கட்டைவிரலைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், பேச வேண்டியதுதான். பிறப்பின் பெயரால் மறுத்துவிட்டு, கற்றுக்கொண்ட பிறகு கூலி கேட்கிற கதை அது. எனக்கு இப்போது அந்தக் கதையில் நாய்தான் கண்ணில் படுகிறது. பாண்டவர்களோடு வந்த நாய் ஏகலைவனைப் பார்த்துக் குரைத்தது. அதன் வாய்க்குள் ஏழு அம்புகளை எய்தான். அவன் திறமை உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். நாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை என்று கதை சொல்கிறவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனாலும் அது வேறொருவருடைய நாய், அதை யாரும் கேட்கவில்லை. அர்ச்சுனனுக்குப் பொறாமை வந்தது, துரோணருக்குச் சங்கடம் வந்தது. நாயைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

இதற்கு எதிர்வழக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். ரூபர்ட் கூல்ட் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. கடிகாரத் தொழில் பயின்றவர் இல்லை. ஹாரிசனின் கடிகாரங்கள் கிரீனிச்சில் கேட்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு, 1920-இல் அரசு வானியலாளர் ஃபிராங்க் டைசனிடம் அவற்றைச் சுத்தம் செய்ய அனுமதி வாங்கினார். முதல் கடிகாரத்தின் மேலிருந்து ஒரு சாதாரணத் தொப்பி பிரஷ்ஷால் மட்டும் இரண்டு அவுன்ஸ் அழுக்கும் களிம்பும் தேய்த்தெடுத்தார். 1933-இல் அந்த முதல் கடிகாரம் மீண்டும் ஓடியது. பயிற்சிக் கடிகாரம் என்ற கொள்கைப்படி பார்த்தால் இதைவிடப் பெரிய அத்துமீறல் கிடையாது. உலகத்திலேயே விலைமதிக்க முடியாத கடிகாரத்தில், பயிற்சி பெறாத ஒருவர். அப்படியிருந்தும் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்று, அவர் கை வைக்காமல் இருந்திருந்தால் களிம்பு வைத்திருக்கும். அந்தக் கடிகாரங்களுக்காக வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை. இன்னொன்று, அவர் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார். எதைக் கழற்றினேன், எது எப்படி இருந்தது, என்ன செய்தேன் என்று பக்கம் பக்கமாக. பின்னால் வருகிறவர் தன் வேலையைச் சரிபார்க்கவும் தன்னைக் குறைசொல்லவும் வேண்டியதையெல்லாம் அவரே கொடுத்துவிட்டுப் போனார். பெரியவர் இல்லாத இடத்தில் அந்த நோட்டுதான் பெரியவர்.

இந்த இரண்டு நிபந்தனைகளும் ஆக்லாந்தில் என் மேசையில் எப்படி நிற்கின்றன என்று பார்க்கிறேன். நியூசிலாந்தின் 1993-ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம், பொருளை விற்றபின் ஒரு நியாயமான காலத்துக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் கிடைக்க வேண்டும் என்கிறது. அதே சட்டம், கிடைக்காது என்று வாங்கும்போதே அறிவித்துவிட்டால் போதும் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் கடிகாரங்களுக்கு இந்தச் சட்டத்தால் எந்தப் பயனும் இல்லை; அவை வேறு நாட்டில், வேறு காலத்தில் வாங்கியவை. தொழில் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள், நல்லவர்கள். ஆனால் அவர்களுடைய ஒரு மணி நேரத்தின் கூலி ஜனதாவின் விலையைத் தாண்டிவிடுகிறது. ஒரு கடிகாரத்தை முழுதாகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு, பூட்டி, சில நாள் ஓடவிட்டுப் பார்க்கப் பல மணி நேரம் வேண்டும். “இதற்குச் செலவு செய்வது வீண்” என்று அவர்கள் நேர்மையாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். திருச்சியின் மாடிப்படிக் கடையில் இந்தப் பேச்சே எழாது. கடிகாரத்தின் விலையும் கையின் கூலியும் அங்கே ஒரே உலகத்தைச் சேர்ந்தவை. இங்கே மலிவான கடிகாரம் தொழில்காரரின் மேசைக்கே போவதில்லை. அதற்கு இருப்பது இரண்டு இடம்: அலமாரியின் இழுப்பறை, அல்லது என்னைப் போன்ற ஒருவனின் மேசை.

மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கும் ஓர் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், போன வருடம் ஒரு சீக்கோ 5 கொண்டு வந்து கொடுத்தார். அவருடைய அண்ணன் சவூதியில் வேலை செய்தபோது வாங்கியது. அண்ணன் தொண்ணூறுகளில் இல்லாமல் போனார். எப்படி என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கடிகாரம் ஏழு இருபதில் நின்றிருந்தது. பக்கத்தில் கிழமையும் தேதியும் காட்டும் சின்னச் சன்னல். வியாழன், 14.

எனக்குத் தயக்கமாக இருந்தது. நான் தொழில்காரன் இல்லை என்றேன். தெரியும் என்றார். நகரத்தில் ஒரு கடையின் பெயரைச் சொன்னேன். “அங்க போனனான் தம்பி. அவன் கேட்ட காசுக்குப் புதுசா ரெண்டு வாங்கலாம்” என்றார். பிறகு, உண்மையில் என்னை உறுத்திய விஷயத்தைச் சொன்னேன். சரிசெய்ய வேண்டுமென்றால் முட்களைக் கழற்ற வேண்டும், தேதிச் சக்கரத்தை எடுக்க வேண்டும். இந்த ஏழு இருபது போய்விடும். அதை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இதைச் சொல்லும்போதே எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இது கை அசைவில் தானே சாவி ஏறும் கடிகாரம். கையிலிருந்து கழற்றிய பிறகும் சுமார் நாற்பது மணி நேரம் ஓடும். ஆகவே அது நின்ற நேரம் எந்த நிகழ்வின் நேரமும் இல்லை. சுருளில் மிச்சமிருந்த விசை தீர்ந்த நேரம். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் யார் யார் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்களோ, ஒவ்வொரு குலுக்கலுக்கும் சில நிமிடம் ஓடி நின்றிருக்கும். எதற்கும் சாட்சியம் சொல்லாத ஏழு இருபது. ஆனால் இந்தக் கணக்கை அவரிடம் சொல்ல எனக்கு என்ன அவசியம்? என் வேலையை எனக்கு எளிதாக்குவதைத் தவிர?

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நிண்ட மணிக்கூட்டை வைச்சு என்ன தம்பி செய்யிறது? பேரன் கட்டோணும் எண்டு கேக்கிறான்.”

ஒரு பொருளின் மேல் நான் கண்ணியம் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொருளுக்கு உரியவர் வேறொன்றை வேண்டி நின்றார். நம்மில் பலருக்கு ஊரிலிருந்து வந்த பொருள்களைக் காட்சிப் பொருளாக்கிவிடும் பழக்கம் உண்டு. அம்மியைத் தோட்டத்தில் வைத்துப் பூச்செடி நடுவது மாதிரி. அக்காவுக்கு அந்த நோய் இல்லை.

உள்ளே இருந்தது 7009 என்ற எண்ணுள்ள மெஷின். ஒரு மணி நேரத்துக்கு 21,600 துடிப்பு, பதினேழு கற்கள். அவருடையதைத் தொடும் முன் அதே மெஷின் உள்ள ஒரு செத்த கடிகாரத்தை அவோண்டேல் ஞாயிற்றுச் சந்தையில் தேடி வாங்கினேன். நீர் புகுந்து, டயல் கறுத்து, முட்கள் துருவேறியது. அதை மூன்று முறை முழுதாகக் கழற்றிப் பூட்டினேன். பின்மூடியில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் எனக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். அதையும் யாரோ ஒருவர் நாலு நாளைக்கு ஒருமுறை நேரம் பார்த்துத் திருத்திக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார். பெயர் பொறித்திருப்பதால் அந்த ஜனதா புனிதமாகிவிடவில்லை. எனக்கு அதன் உரிமையாளரை நினைவூட்டுகிறது, மற்றவை நினைவூட்டுவதில்லை. ஆனாலும் அந்த ஜனதாவை உதிரிக்காகப் பிரிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். இதற்கு என்னிடம் வாதம் ஒன்றும் இல்லை.

விலை அனுமதி கொடுக்கும் என்பதை இப்போது நான் நம்புவதில்லை. வேறு கைகள் இல்லை என்பதும், உரியவர் தெரிந்து சம்மதித்தார் என்பதும், செய்ததை எழுதி வைத்தேன் என்பதும் கொடுக்கலாம். மூன்றும் சேர்ந்தும் போதாத சந்தர்ப்பங்கள் வரும். உரியவர் செத்துப்போன, யாரென்றே தெரியாத கடிகாரங்களுக்கு இரண்டாவது நிபந்தனையை எப்படி நிறைவேற்றுவது என்று எனக்குத் தெளிவில்லை. கிடைக்கிறவரை, திருப்பி எடுக்கக்கூடிய வேலையை மட்டும் செய்கிறேன். டயலைத் தொடுவதில்லை. பெட்டியை மெருகிடுவதில்லை, தேய்த்தெடுத்த உலோகம் திரும்பி வராது. மாற்றிய பாகத்தின் பழையதை ஒரு சின்ன உறையில் போட்டுக் கடிகாரத்தோடு கொடுத்துவிடுகிறேன். பழைய தொழில்காரர்கள் பின்மூடியின் உள்பக்கம் ஊசியால் ஒரு குறி கீறி வைப்பார்கள். சில மூடிகளுக்குள் அப்படி நாலைந்து பேருடைய கீறல்கள் இருக்கும், இருபது முப்பது வருட வரலாறு. நான் கீறுவதில்லை. எழுதுவது நோட்டில்தான்.

அக்காவின் கடிகாரத்தைத் திறக்கும் முன் டயலை ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். எண்ணெய் காய்ந்து பசையாகியிருந்ததைத் தவிரப் பெரிய கோளாறு இல்லை. இப்போது ஒரு நாளைக்கு இருபது விநாடி முந்தி ஓடுகிறது. திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் படத்தையும் அச்செடுத்து, உறையில் வைத்துக் கொடுத்தேன். கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது காலமை ஏழு இருபதோ, பின்னேரம் ஏழு இருபதோ?”

கடிகாரத்தைப் பிரிக்கும் முன் முட்களை மெல்ல முன்னே நகர்த்திப் பார்த்திருந்தேன். பன்னிரண்டைத் தாண்டியும் தேதி மாறவில்லை. அப்படியென்றால் அது நண்பகல். நோட்டில் அதையும் குறித்திருந்தேன், ஏன் குறித்தேன் என்று அப்போது தெரியவில்லை.

“காலை” என்றேன்.

படத்தை உறைக்குள் வைத்தார். பேரனின் கை சின்னது, இந்தச் செயினில் எத்தனை கண்ணி எடுக்கலாம் என்று கேட்டார்.